சமோசா யாருடையது?

சென்ற ஆண்டுப் பொங்கல் விழாவுக்கு முன்னர் நம் சங்கத்தின் சிற்றுண்டிக் குழு கூடிய மாலை நண்பர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். சர்க்கரைப் பொங்கலோடு காரமாக என்ன வழங்குவது என்பதே அன்றைய விவாதம். "வழக்கம்போல் அறிவியல் புல வாயிலில் இருக்கும் கடையிலேயே சமோசா சொல்லிவிடலாம், செலவும் குறைவு, அலைச்சலும் இல்லை" என்றார் பொருளாளர். உடனே எழுந்தவன் நான். ஆண்டு முழுவதும் இந்த டில்லியில் வடநாட்டான் பலகாரத்தைத்தான் தின்கிறோம். தைத்திங்கள் முதல் நாளிலாவது தமிழன் தன் பலகாரத்தைத் தின்ன வேண்டாமா என்று முழங்கினேன். உருளைக்கிழங்கு போண்டாவை முன்மொழிந்தேன். பலத்த கைத்தட்டல். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. போண்டா எங்கிருந்து வந்தது, எந்த நிலையில் வந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தின்றவர்கள் அறிவார்கள்.

விழா முடிந்த நான்காம் நாள் வழக்கம்போல் அந்த வாயிற்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். கடைக்காரரை நாங்கள் சாச்சா என்றுதான் அழைப்போம். வயது எழுபதை நெருங்கும். நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் உதவித்தொகை நான்கு மாதம் தாமதமாயிற்று. வீட்டிலிருந்து பணம் வரவழைக்கும் நிலையிலும் நான் இல்லை. அந்த நான்கு மாதமும் மாலைப் பசியை ஆற்றியவை சாச்சாவின் தேநீரும் இரண்டு சமோசாவும். ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொள்வார், ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் அன்று கண்கரண்டியால் எண்ணெயைத் துழாவியபடியே, "பேட்டா, உங்கள் பண்டிகைக்குக் கோலம் போட்டிருந்ததைப் பார்த்தேன். ஆண்டுதோறும் என் கடையிலிருந்து நாலு தட்டு போகும். இந்த முறை யாரும் வரவில்லையே, போன தடவை உப்பு கிப்பு கூடிவிட்டதா?" என்று கேட்டார்.

இல்லை சாச்சா, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பின் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. 'வடநாட்டான் பலகாரம்' என்று நான் முழங்கியதை எந்த மொழியில் அவரிடம் சொல்வது?

அந்த ஒரு வாரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து, என் பேச்சு சரிதானா என்று பார்க்கத் தொடங்கினேன். அப்போது கண்டவற்றையும், பிறகு சாச்சாவின் அடுப்படியில் நின்று கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். சமோசா என்பது வடமொழிச் சொல் அன்று. இந்திச் சொல்லாகப் பிறந்ததும் அன்று. பழைய பாரசீகத்தில் 'சன்போசக்' என்று வழங்கிய சொல்லே இப்படித் தேய்ந்து வந்திருக்கிறது. அரபியில் அது 'சன்பூசக்', 'சன்பூசஜ்' என்றாயிற்று. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் புகழோடிருந்த இசைவாணர் இஸ்ஹாக் அல் மௌசிலி இதைப் புகழ்ந்து ஒரு கவிதையே பாடியிருக்கிறார். அதை ஒரு கலீபாவின் விருந்தில் பாடிக் காட்டினார்கள் என்று 10ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மசூதி எழுதி வைத்திருக்கிறார். அதே நூற்றாண்டில் அல் வர்ராக் என்பவர் தொகுத்த பாக்தாத் சமையல் நூலிலும் சன்பூசஜ் செய்முறைகள் உள்ளன. அப்போது தஞ்சையில் பெரிய கோயில் எழும்பவில்லை.

இப்பலகாரம் பாரசீகத்திலிருந்து மேற்கேயும் கிழக்கேயும் ஒருசேர நடந்திருக்கிறது. கொத்திய இறைச்சியை மாவுக்குள் பொதிந்து சுட்டால், வழியில் எடுத்துச் செல்லலாம், தட்டு வேண்டாம், குதிரை மேலிருந்தும் தின்னலாம். வணிகர்க்கும் படைவீரர்க்கும் வேறென்ன வேண்டும்? மத்திய ஆசியாவில் இன்றைக்கும் இதன் பெயர் 'சோம்சா'. அதை எண்ணெயில் பொரிப்பதில்லை. தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். நம் விடுதியில் உஸ்பெக்கிஸ்தான் மாணவர் ஒருவர் இருக்கிறார். சாச்சாவின் சமோசாவை முதன்முதல் பார்த்தபோது அவர் சொன்னது: "இது எங்கள் சோம்சா அல்லவா? இதை ஏன் எண்ணெயில் முக்கிக் கெடுத்திருக்கிறீர்கள்?" வடநாட்டான் பலகாரம் என்று நான் சொல்ல, எங்கள் பலகாரம் என்று அவர் சொல்ல, பாவம் சாச்சா நடுவில் நின்று சிரித்தார்.

இந்தியாவில் இதன் வரவை அறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாம் படிக்கும் இதே டில்லிதான் அதற்குச் சாட்சி. நிஜாமுத்தீனில் அடக்கமாகியிருக்கும் கவிஞர் அமீர் குஸ்ரோ (1253–1325), இறைச்சியும் நெய்யும் வெங்காயமும் சேர்த்துச் செய்த சமோசாவை இளவரசர்களும் பிரபுக்களும் விரும்பி உண்டதைக் குறித்திருக்கிறார். அவருக்குப் பின் 1334இல் மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரிலிருந்து டில்லிக்கு வந்து சேர்ந்த பயணி இப்ன் பதூதா, முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் தாம் கண்ட விருந்தை வரிசை வரிசையாக வருணிக்கிறார். கொத்துக்கறியை வாதுமை, அக்ரோட்டு, பிஸ்தா, வெங்காயம், மசாலைப் பொருள்களோடு சமைத்து, மெல்லிய ரொட்டித் தாளில் பொதிந்து, நெய்யில் பொரித்து, ஆளுக்கு நான்கோ ஐந்தோ வைத்தார்களாம். இந்த இப்ன் பதூதா பின்னாளில் மதுரைக்கும் வந்து போனவர் என்பதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். டில்லியில் அவர் மணந்துகொண்ட மனைவியருள் ஒருத்தி, மதுரையில் தனியாட்சி நிறுவிய சுல்தானின் மகள்.

அடுத்து மாளவம். மாண்டு நகரில் 1469 முதல் 1500 வரை ஆண்ட சுல்தான் கியாஸ் ஷா ஒரு விசித்திர மன்னர். அரசியலை மகனிடம் விட்டுவிட்டுச் சுவையிலும் இன்பத்திலும் காலத்தைச் செலவிட்டவர். அவர் பொருட்டு எழுதப்பட்ட 'நிஅமத் நாமா' என்னும் ஏட்டில் சமோசா வகைகள் பல உள்ளன. ஓவியங்களும் உண்டு, மன்னர் அமர்ந்திருக்க, அவர் முன்னே பணியாட்கள் சமோசா செய்யும் காட்சியும் அவற்றுள் ஒன்று. மூல ஏடு இப்போது இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வெளிவந்தது.

அக்பர் காலத்துக்கு வந்தால் இன்னும் திட்டமான கணக்கே கிடைக்கிறது. அபுல் பஸல் தமது 'அயினி அக்பரி'யில், 'குத்தாப்' என்னும் பண்டத்தை இந்நாட்டு மக்கள் 'சன்பூசா' என்பர் என்று கூறி, அளவும் தருகிறார்: இறைச்சி 10 சேர், மெல்லிய மாவு 4 சேர், நெய் 2 சேர், வெங்காயம் 1 சேர், இஞ்சி கால் சேர், உப்பு அரைச் சேர், இவற்றோடு மிளகு, கொத்துமல்லி விதை, ஏலம், சீரகம், கிராம்பு. இதை 20 விதமாகச் சமைக்கலாமாம்.

இந்தப் பட்டியலை நான் இரண்டு முறை படித்தேன். உருளைக்கிழங்கைக் காணோம். மிளகாயையும் காணோம். இவ்விரண்டையும் எடுத்துவிட்டால் சாச்சாவின் சமோசாவில் மிஞ்சுவது வெறும் மாவுக்கூடு! காரணம் எளிது. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக்கு உரியது. கடல் கடந்து ஐரோப்பியர் வழியே இந்நாட்டுக்கு வந்தது. மேற்குக் கரையில் போர்த்துக்கேயர் வழங்கிய 'பட்டாட்டா' என்ற பெயர் மராத்தியில் இன்றும் அப்படியே நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகே அதன் சாகுபடி நாட்டில் விரிவாகப் பரவிற்று. ஆக, அமீர் குஸ்ரோவுக்கும் அக்பருக்கும் உருளைக்கிழங்கு சமோசா தெரியாது. அரண்மனையில் ஆட்டிறைச்சியும் பிஸ்தாவுமாக இருந்த பண்டம், மலிவான கிழங்கு கிடைத்த பிறகுதான் தெருவுக்கு இறங்கி, புலால் உண்ணாதவர் கைக்கும், என்போன்ற கடன்காரன் கைக்கும் வந்து சேர்ந்தது.

இதை ஒரு கண்டுபிடிப்பைப் போல நம் சங்கத்தில் ஆய்வுப் படிப்பிலிருக்கும் அக்கா ஒருவரிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சரி தம்பி, நீ தமிழன் பலகாரம் என்று முன்மொழிந்தாயே, அந்த போண்டாவுக்குள் என்ன இருந்தது?"

உருளைக்கிழங்கு! அதுவும் பச்சை மிளகாயோடு. எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அக்கா விடவில்லை. மிளகாய் என்ற நம் சொல்லையே பார் என்றார். நம்மிடம் முன்பே இருந்தது மிளகு. புதிதாக வந்த காய் அதைப்போல் உறைத்ததால் மிளகு+காய் என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டோம். உருளைக்கிழங்குக்கும் அதன் உருவத்தைப் பார்த்தே பெயர் வைத்தோம். வந்தவர்க்குப் பெயர் வைத்துவிட்டால் அவர் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறார் என்பது அக்காவின் கட்சி. உள்ளீடு வைத்த பலகாரம் தமிழர்க்குப் புதிதும் அன்று; மதுரை வீதிகளின் இரவைச் சொல்லுமிடத்தில் 'மதுரைக்காஞ்சி' உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தைக் குறிப்பிடுகிறது என்றும் அவரே எடுத்துச் சொன்னார். நம் கொழுக்கட்டைக்கு அவ்வளவு வயது. ஆயினும் கொழுக்கட்டையைப் பொங்கலன்று ஏன் முன்மொழியவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள். இருநூறு கொழுக்கட்டையை விடுதிச் சமையலறையில் யார் பிடிப்பது?

இன்னொன்றையும் நான் மறந்திருந்தேன். மறந்திருந்தேன் என்பதைவிட, மறைத்திருந்தேன் என்பதே பொருந்தும். என் ஊர் விழுப்புரத்துக்குப் பக்கம். விழுப்புரம் சந்திப்பில் வண்டி நின்றதும் 'சமோசே, சமோசே' என்ற குரல் பெட்டிக்குள் ஏறிவிடும். அந்த வெங்காயச் சமோசாவைத் தின்றுதான் வளர்ந்தேன். மாமா ஊருக்குப் போவதென்றாலே எனக்கு அந்தக் காகிதப் பொட்டலம்தான் நினைவுக்கு வரும். நோன்புக் காலத்தில் அண்டைவீட்டு அத்தா வீட்டிலிருந்து கஞ்சியோடு தட்டில் வைத்து அனுப்புவார்கள். அதை ஒருநாளும் வடநாட்டான் பலகாரம் என்று நினைத்ததில்லை. இங்கு வந்து, அளவில் பெரியதாய், கிழங்கு அடைத்ததாய்ப் பார்த்த பிறகே அது எனக்கு அயலாகத் தோன்றிற்று.

இந்த இரண்டு சமோசாக்களும் உருவத்தில் மட்டும் வேறல்ல. அமைப்பிலேயே வேறானவை. இங்கேதான் அறிவியல் மாணவனுக்கு வேலை இருக்கிறது.

நம் ஊர் வெங்காயச் சமோசாவுக்கு மாவை மெல்லிய அப்பளம்போல் தேய்த்து, இடையிடையே எண்ணெயும் மாவும் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேர்த்துத் தேய்த்து, கல்லில் அரைவேக்காடாக வாட்டி எடுப்பார்கள். பின் ஏடு ஏடாகப் பிரித்து, நீள நாடாவாக நறுக்கி, ஒரு முனையில் வெங்காயத்தை வைத்து முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், மைதாக் கரைசலால் ஒட்டுவார்கள். வாட்டுவது ஏன்? வெங்காயம் உப்புப் பட்டதும் நீர் விடும். பச்சை மாவாயிருந்தால் ஊறிக் கிழிந்துவிடும். முன்னமே வெந்த ஏடு ஓரளவு தாங்கும். அதோடு உள்ளே சிறிது அவலைக் கலந்துவிட்டால், கசியும் நீரை அது குடித்துக்கொள்ளும். ஏடு மெல்லியதாகையால் நல்ல சூடான எண்ணெயில் சில நிமிடங்களில் பொரிந்துவிடும்.

சாச்சாவின் சமோசா இதற்கு நேர் எதிர். அதன் கூடு தடித்தது, பொரபொரவென உதிர்வது. அதன் இரகசியம் மூன்று: நெய், நீர்க்குறைவு, பொறுமை. மைதாவில் ஓமமும் உப்பும் போட்டு, எடையில் நான்கு பங்கு மாவுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு நெய்யை ஊற்றி, விரல் நுனிகளால் நெடுநேரம் தேய்க்கிறார். இதற்கு 'மோயன்' என்று பெயர். போதுமா என்று அறிய ஒரு பிடி மாவைக் கைக்குள் இறுக்கிப் பார்ப்பார். உதிராமல் பிடிகொழுக்கட்டைபோல் நின்றால் சரி. கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது, ஒன்றோடொன்று பின்னி 'குளுட்டன்' என்னும் இழுபடும் வலையாகின்றன. பரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். அதனால்தான் அடித்து இழுத்துப் பிசைகிறார்கள். சமோசாவுக்கு அது ஆகாது. மாவுத் துகள்களை நெய் முன்கூட்டியே போர்த்திவிட்டால் நீர் எளிதில் உட்புக முடியாது; வலையும் துண்டு துண்டாகவே அமையும். அத்துண்டுகள்தாம் கடிக்கும்போது உதிர்கின்றன. நீரைக் குறைத்துக் கெட்டியாகப் பிசைவதும், பிசைந்ததை ஈரத்துணி போர்த்தி அரைமணி நேரம் உறங்க விடுவதும் இதற்கு உதவி.

பிறகு நீள்வட்டமாகத் தேய்த்து, குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கூம்பாகச் சுருட்டி, நிரப்பி, பின்பக்கம் ஒரு மடிப்பு வைத்து வாயை அழுத்தி மூடுவார். அந்த ஒரு மடிப்பால்தான் சமோசா தட்டில் எழுந்து நிற்கிறது. கிழங்கை அவர் மசிப்பதில்லை. அவித்துக் கையால் உடைக்கிறார். சீரகம், ஒன்றிரண்டாகப் பொடித்த கொத்துமல்லி விதை, இஞ்சி, பச்சை மிளகாய், புளிப்புக்கு மாங்காய்ப் பொடி. மார்கழி, தை மாதங்களில் புதுப் பட்டாணியும் சேரும். வெங்காயம், பூண்டு கிடையாது.

இனிப் பொரிப்பது. நான் முதலில் வியந்தது இதில்தான். மற்ற பலகாரங்களுக்கு எண்ணெய் காய வேண்டும் என்று நம் வீடுகளில் காத்திருப்பார்கள். சாச்சா காயுமுன்னரே போடுகிறார்! ஆய்வுக்கூடத்துக் கருவியை எண்ணெயில் இறக்க மனம் வராமல், கடைத்தெருவில் ஒரு சமையல் வெப்பமானியை வாங்கிக்கொண்டு போய் அளந்தேன். ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ் காட்டிற்று. வடை போன்றவை 180 அளவில் பொரிபவை. "இந்தக் கம்பி சொல்வதை இது சொல்லும்" என்று சாச்சா ஒரு சிட்டிகை மாவை எண்ணெயில் கிள்ளிப் போட்டார். அது அடியில் போய்ச் சற்று இருந்து, சோம்பலாக மேலே வந்தது. அதுதான் அவர் பதம். கால்மணி நேரத்துக்கு மேலாகவும் ஒரு சட்டி சமோசா அப்படியே முனகிக்கொண்டு கிடக்கும்.

எண்ணெய் மிகச் சூடாயிருந்தால் என்ன ஆகும்? மாவிலுள்ள நீர் ஒரே கணத்தில் ஆவியாகி மேற்பரப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வெளியே சிவந்துவிடும், உள்ளடுக்கு பச்சையாகவே நிற்கும். கொப்புளம் விழுந்த சமோசாவைக் கண்டால், கடைக்காரர் அவசரக்காரர் என்று கொள்க. மெல்லிய சூட்டில் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நீர் இருக்கும்வரை அப்பகுதியின் சூடு 100 பாகையைத் தாண்டுவது கடினம். உலர்ந்த பிறகே மேலே ஏறும். அப்போதுதான் புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. கூடு முழுவதும் ஒரே சீராக உலர்வதால் ஆறியும் மொறுமொறுப்பு நிற்கிறது.

எண்ணெய் குடிப்பதைப் பற்றியும் ஒரு சொல். பலரும் நினைப்பதுபோல் சட்டியில் கிடக்கும்போது மட்டும் பண்டம் எண்ணெயைக் குடிப்பதில்லை. அப்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருந்த எண்ணெயில் பெரும்பகுதி அப்போதுதான் உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே எடுத்த உடனே கண்கரண்டியைச் சட்டியின் மேலேயே பிடித்து நன்றாக வடிக்க வேண்டும். சாச்சா கரண்டியைச் சட்டி விளிம்பில் மூன்று தட்டுத் தட்டுவதை நான் வெறும் பழக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

இந்தக் குடும்பத்தின் மற்ற கிளைகளை எல்லாம் சொல்ல இங்கே இடமில்லை. ஐதராபாத்தில் சதுரமாக, கொத்துக்கறி வைத்து, 'லுக்மி'. வங்கத்தில் நீர்ச் சிங்காடைக் காயின் பெயரால் 'சிங்காடா'. குளிர்காலத்தில் அதற்குள் காலிப்பூ. கோவாவில் போர்த்துக்கேய உச்சரிப்பில் 'சமூசா'. அந்தப் பெயரோடு அது லிஸ்பன் கடைகள் வரை போயிருக்கிறது. வங்கச் சிங்காடாவைக் கல்கத்தாவுக்கு ஒரு கருத்தரங்குக்குப் போனபோது தின்றிருக்கிறேன். கிழங்கைத் தோலோடு பொடிப்பொடியாக நறுக்கி, நிலக்கடலை போட்டுச் செய்திருந்தார்கள். அது ஒன்றுதான் சாச்சாவின் கைப்பக்குவத்தோடு போட்டியிடத்தக்கது என்பது என் தீர்ப்பு. வங்க நண்பர்கள் போட்டியே இல்லை என்பார்கள்.

தின்பதற்கும் ஒரு முறை உண்டு. கூர்முனையை முதலில் கடிக்கக் கூடாது. அங்கே மாவுதான் இருக்கும். பக்கவாட்டில் ஒரு மூலையை உடைத்து ஆவியை வெளியே விட்டு, அந்தத் திறப்பில் பச்சைச் சட்டினியைச் சிறிது ஊற்றிக்கொண்டு கடிக்க வேண்டும். புளிச் சட்டினியை முழுவதும் மேலே கொட்டி ஊறவைத்துத் தின்பவர்களும் நம் விடுதியில் இருக்கிறார்கள். அரைமணி நேரம் நெய் தேய்த்து உண்டாக்கிய மொறுமொறுப்பை அரை நிமிடத்தில் கொன்றுவிடும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒரு வாரம் கழித்து நான் மீண்டும் கடைக்குப் போனபோது சாச்சா ஒன்றும் கேட்கவில்லை. தட்டில் இரண்டை வைத்து நீட்டினார். உப்பு சரியாகத்தான் இருக்கிறது சாச்சா, போன ஆண்டும் சரியாகத்தான் இருந்தது, வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லி முடித்தேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "பேட்டா, பண்டிகையன்று அவரவர் வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்று தோன்றாதா? எனக்கும் ஈத் அன்று என் அம்மா செய்ததுதான் வேண்டும்" என்றார். பிறகு, உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். விழுப்புரத்து வெங்காயச் சமோசாவைச் சொன்னேன். அவலைப் போடுவார்கள் என்றதும் கண்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

இந்த ஆண்டுப் பொங்கலுக்குச் சிற்றுண்டிக் குழு சாச்சாவிடம் இருநூறு சொல்லியிருக்கிறது. நூறு அவருடைய வழக்கமான கிழங்கு. நூறு வெங்காயமும் அவலும். ஏடு வாட்டுவதற்கு விழாவுக்கு முன்தினம் மாலை 4 மணிக்குக் கடையில் ஆறு பேர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் என்னிடம் சொல்லலாம். பரிமாறும் தம்பி தங்கையர்க்கு ஒரு வேண்டுகோள்: சூடாயிருக்கட்டும் என்று பாத்திரத்தை மூடிவிடாதீர்கள். ஆவி உள்ளேயே படிந்து கூடு நமுத்துப் போய்விடும். பரந்த தாம்பாளத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் திறந்தே வையுங்கள்.